நாலடித் தொட்டியின் அலைகரை

நீர்த்தேக்கங்கள் இனங்காணல் மற்றும் பேணல் அதிகாரசபை தொடங்கப்பட்டபோது அதற்குக் கட்டடம் இருந்தது, ஜீப் இருந்தது, காலையில் எழுந்து நின்று பாட ஒரு கீதமும் இருந்தது. நீர்த்தேக்கம் மட்டும் இருக்கவில்லை. வன்னியில் குளங்களுக்குக் குறைவில்லைத்தான். ஆனால் பெரிய குளங்கள் ஒரு திணைக்களத்தின் கையில், சிறியவை இன்னொன்றின் கையில், காட்டுக்குள் கிடப்பவை மூன்றாவதின் கையில். எனவே அதிகாரசபையின் உத்தியோகத்தர்கள் காலையில் வந்து, கீதம் பாடி, கதிரைகளில் அமர்ந்து, யாராவது ஒருவர் ஒரு குளத்தோடு வருவார் என்று காத்திருந்தார்கள்.

வட்டக்கச்சிச் சிற்றம்பலம் அங்கே போனதற்குக் காரணம் இரண்டு தங்கமீன்கள்.

அவருடைய மனைவி விமலேஸ்வரிக்கு இரத்த அழுத்தம். கிளினிக்கில் ஒரு புது டொக்டர் மாத்திரையோடு சேர்த்து, தினமும் சற்று நேரம் எதையாவது அமைதியாகப் பார்த்துக்கொண்டிருக்கும்படி சொல்லியிருந்தார். வீட்டிலும் வளவிலும் அப்படிப் பார்க்கக்கூடிய எதுவும் விமலேஸ்வரிக்குத் தென்படவில்லை. அந்த முடிவுக்கு வருமுன் கணவரையும் ஒருமுறை பார்த்ததாகச் சொன்னார். பிறகு பொங்கல் திருவிழாக் கடையொன்றில், உருண்டைக் கண்ணாடிக் குடுவைக்குள் விரலளவு மீன்கள் இரண்டைக் கண்டு வாங்கிவந்தார். அடுத்த கிளினிக்கில் அழுத்தம் இறங்கியிருந்தது.

மீன்கள் வளர்ந்தன. உள்ளங்கையளவானதும் குடுவைக்குள் திரும்புவதற்கு வாலை மடிக்கவேண்டி வந்தது. மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. வட்டக்கச்சிக் கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு குடுவையில் வெள்ளையாகப் படிந்து, அவற்றின் முகம் பனிக்குள் நிற்பவர்களின் முகம்போலத் தெரிந்தது. விமலேஸ்வரியின் அழுத்தம் மறுபடி ஏறியது.

கிளிநொச்சியில் மீன்தொட்டிக் கடை வைத்திருந்தவன் றம்சீன். முல்லைத்தீவுப் பக்கத்தவன். குடும்பம் இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்தபோது பிறந்து, வளர்ந்தபின் ஊர் திரும்பியவன். கைப்பேசியில் விமலேஸ்வரி காட்டிய படத்தைப் பார்த்துவிட்டு அவன் நாக்கைச் சப்புக்கொட்டினான்.

"அக்கா, இது மீன் வளக்கிற ஏனமில்லை. மீனை மறியலில பூட்டி வைக்கிற ஏனம்."

"வித்தவன் இது காணும் எண்டவன் தம்பி."

"விக்கிற நேரம் காணும்தான். தங்கமீன் மாதிரி ஊத்தை பண்ணுற மீன் வேற இல்லை அக்கா. தின்னும், தின்ன கையோட கழிக்கும். அந்தக் கழிவு தண்ணிக்குள்ள நஞ்சாகும். கொஞ்சத் தண்ணியெண்டால் நஞ்சு கெதியா ஏறும், கனக்கத் தண்ணியெண்டால் மெல்ல ஏறும். அவ்வளவுதான் விசயம்."

சிற்றம்பலம் இரண்டடித் தொட்டியொன்றின் முன்னால் போய் நின்றார். அது தன் மனைவிக்கும் தனக்கும் இடையிலான நியாயமான அளவு என்று அவருக்குப் பட்டது. றம்சீன் அவரைத் தோளில் தொட்டு நாலடித் தொட்டிக்கு நகர்த்தினான்.

"அண்ணை, உந்தச் சின்னனை வாங்கினால் வாற வருசம் திரும்பவும் வருவியள். எனக்கு நல்லதுதான். மீனுக்கு நல்லதில்லை."

"பில்ற்றர் எண்டு ஒண்டு கிடக்கே, அது என்னத்துக்கு?" என்றார் சிற்றம்பலம்.

"ஸ்பொஞ்சோட குமிழ் விடுற சின்னதும் கிடக்கு, கரையில கொழுவுறதும் கிடக்கு. ரெண்டும் உந்த மீனுகளின்ர ஊத்தைக்குக் காணாது. இதைப் பாருங்கோ. தண்ணியை வெளிய எடுத்து, ஸ்பொஞ், கல்லு எல்லாத்துக்குள்ளாலயும் விட்டு, திருப்பித் தொட்டிக்குள்ள ஊத்தும். இரவு பகல் எண்டில்லை, தண்ணி ஓடிக்கொண்டே இருக்கும்."

"அதைத்தான் தாங்கோ," என்றார் விமலேஸ்வரி.

"ஒண்டு அக்கா. புதுத் தொட்டி பழகுறதுக்குக் கொஞ்சக் காலம் பிடிக்கும். அதுவரைக்கும் கிழமைக்கொருக்கால் காவாசித் தண்ணியை எடுத்துப்போட்டுப் புதுசா விடவேணும். அதை மட்டும் மறந்திடாதேங்கோ."

இந்த இடத்தில் வட்டக்கச்சியின் பழக்கமொன்றைச் சொல்லவேண்டும். மக்கள் யுத்தத்தில் இடம்பெயர்ந்துபோய்த் திரும்பிவந்தபோது, பலருடைய காணிகள் வரைபடங்களில் வேறு நிறமாகியிருந்தன. நீங்கள் ஏன் முன்னமே எங்களுக்குச் சொல்லவில்லை என்று ஒவ்வொரு அலுவலகமும் கேட்டது. அன்றுமுதல் ஊரார் எதைச் செய்தாலும் அலுவலகத்துக்குச் சொல்லிவைத்துவிட்டுத்தான் செய்கிறார்கள். கிணறு இறைத்தால் சொல்வார்கள். மாட்டுக்கொட்டிலுக்குத் தகரம் மாற்றினால் சொல்வார்கள். சிற்றம்பலம் தன் மகள் கிருசாந்தி கலியாணமாகி வவுனியாவுக்குப் போனபோது மூன்று அலுவலகங்களில் சொல்லிவிட்டுத்தான் அனுப்பினார். மூன்றிலும் அவரை விசித்திரமாகப் பார்த்தார்கள். ஆனால் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை. அதுதான் அவருக்கு வேண்டியிருந்தது.

நாலடித் தொட்டியை யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. கிராம அலுவலர், தண்ணீர் தன் விடயமல்ல என்றார். பிரதேச செயலகத்தில் ஒருவர் யன்னலால் கையை நீட்டி, வீதிக்கு அந்தப்பக்கம் புதிதாக வர்ணம் பூசியிருந்த கட்டடத்தைக் காட்டினார்.

பணிப்பாளர் மயில்வாகனம் சிற்றம்பலம் சொன்னதைப் பாதி கேட்டதும் கதிரையிலிருந்து எழுந்தார். மீதியை நின்றபடி கேட்டார்.

"எவ்வளவு தண்ணி பிடிக்கும்?"

"முந்நூறு லீற்றருக்கு மேல எண்டு கடைக்காரப் பெடியன் சொன்னவன் சேர்."

"நாலு பக்கமும் கட்டு இருக்கோ?"

"கண்ணாடி சேர்."

"கட்டு எண்டால் கட்டுத்தான். கல்லோ மண்ணோ கண்ணாடியோ எண்டு சட்டத்தில இல்லை." பணிப்பாளரின் குரல் தணிந்தது. "தண்ணி நிக்குமோ, ஓடுமோ?"

சிற்றம்பலத்துக்கு இங்கே சிறிது பெருமை வந்தது. பில்ற்றர் எதற்கு என்று கடையில் கேட்டறிந்தவர் அவர்.

"எந்நேரமும் ஓடும் சேர். வெளிய போய் உள்ள வரும்."

பணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐயா, நிண்டால் அது ஏனம். ஓடினால் நீர்த்தேக்கம். உங்களை மாதிரி ஒரு ஆளுக்காகத்தான் இவ்வளவு காலமும் இந்த ஜீப்பைக் கழுவிக் கழுவி வைச்சிருந்தனாங்கள்."

"நான் சும்மா சொல்லிவைப்பம் எண்டுதான் சேர் வந்தனான். பேந்து பிரச்சினை வரக்கூடாது எண்டு."

"பிரச்சினை ஒண்டும் வராது. நாங்கள் ஒருத்தரிட்டையும் ஒண்டையும் பறிக்கிறேல்லை. பொறுப்பெடுக்கிறம். பறிச்சால் ஒரு நாளைக்குத் திருப்பிக் குடுக்கவேண்டி வரும். பொறுப்பெடுத்தால் அந்தக் கரைச்சல் இல்லை."

சிற்றம்பலம் நன்றி சொல்லிவிட்டு வந்தார்.

தொட்டியை ஹோலில் வைத்து நிரப்பிய அன்றே ஜீப் வந்தது. தொழில்நுட்ப உத்தியோகத்தர் சுமித்திரா இறங்கினாள். மரியாதையான பிள்ளை. வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள், விமலேஸ்வரி கொடுத்த தேநீரை முழுவதும் குடித்தாள், மீன்கள் வடிவாக இருப்பதாகச் சொன்னாள். பிறகு அளவுநாடாவை எடுத்தாள்.

"துருசு எங்க ஐயா?"

குளத்துக்குத்தான் துருசு இருக்கும். கட்டுக்குக் கீழால் தண்ணீரை வெளியே விடும் மடை அது. வயல்காரனான சிற்றம்பலத்துக்கு அது தெரியும். தொட்டியில் அதைத் தேடத்தான் தெரியவில்லை. கடைசியில் பில்ற்றரின் குழாயைக் காட்டினார்.

"வான் பாயுறதோ?"

"நிரப்பேக்க மேலால கொஞ்சம் ஊத்துப்பட்டது மிஸ்."

"எப்ப?"

"இண்டைக்குக் காலமை."

சுமித்திராவின் முகம் இறுகியது. "நிரம்பி வழியுமுன்னம் கீழ்ப்பக்கத்துச் சனத்துக்கு அறிவிச்சிருக்க வேணும் ஐயா. இந்தமுறை விடுறன்."

அடுத்து அவள் தொட்டியின் கண்ணாடியிலிருந்து வெளிப்பக்கமாக நடந்தாள். கையாள் ஒருவன் சிவப்பு வர்ணத்தோடு பின்னால் வந்தான். எந்தக் குளத்துக்கும் அலைகரை உண்டு. குளம் முட்ட நிரம்பும்போது அலை போய்த் தொடும் எல்லை அது. அதற்குள் யாரும் வீடு கட்டக்கூடாது என்பதை வன்னியில் சின்னப்பிள்ளையும் சொல்லும். சுமித்திரா ஹோலைக் கடந்தாள், அறையைக் கடந்தாள், முற்றத்தைக் கடந்தாள். பின்பக்கம் தனியாக இருந்த குசினிக்குள் நுழைந்ததும் நின்றாள். நாடா அங்கே முடிந்தது. சிவப்புக் கோடு குசினியின் சீமெந்துத் தரையைக் குறுக்கே வெட்டியது. அடுப்பு கோட்டுக்கு உள்ளே, அம்மி வெளியே.

"மிஸ், வீடு முழுக்க உள்ளுக்குப் போகுதே," என்றார் சிற்றம்பலம். "வீட்டுக்குள்ள ஒரு தொட்டி. அதுக்குப் போய்..."

"அப்பிடி யோசிக்காதேங்கோ ஐயா. வீட்டுக்குள்ள குளம் இல்லை. குளத்துக்குள்ளதான் வீடு."

"எங்களிட்டப் பெர்மிட் கிடக்கு பிள்ளை," என்றார் விமலேஸ்வரி. "மீளக்குடியேறின உடனை ஓடித் திரிஞ்சு எடுத்தது. இந்த வீடு நாங்கள் கல்லு சுமந்து கட்டினது."

"பெர்மிட் சரியானது அம்மா. ஆனா அது நிலத்துக்குக் குடுத்தது. இது இப்ப நீர்."

விமலேஸ்வரி சிவப்புக் கோட்டைப் பார்த்தார். "அப்ப நான் அரைக்கலாம். சமைக்கேலாது?"

சுமித்திரா இரக்கத்தோடு யோசித்தாள். "இப்போதைக்குச் சமையுங்கோ அம்மா. நிரந்தரமாச் சமைக்காதேங்கோ."

மறுநாள் வளவு வாசலில், படலையடியில் ஒரு பலகை நடப்பட்டது. மீன்பிடித்தல், குளித்தல், ஆடு மாடு இறக்குதல் தடை. பக்கத்து வளவுச் சுடலைமுத்து அதை இரண்டு தரம் வாசித்தார். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தவர், ஊர் வாய்க்காலில் நீர் பாய்ச்சும் விவசாயிகளின் கமக்கார அமைப்புக்குத் தலைவர்.

"ஏண்ணே, என் மாடு ஒங்க ஹோலுக்குள்ள எறங்கிக் குளிக்கும்னு யாரு சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை முத்து. பலகை அப்பிடித்தான் வரும்."

"குளிக்காதுன்னு நான் வேணா ஆபிசுல சொல்லிவைக்கவா?"

"வேண்டாம்," என்றார் சிற்றம்பலம். அலுவலகத்தில் எதையாவது சொல்லவேண்டாம் என்று அவர் சொன்னது அதுவே முதல்தடவை. சொன்னபின் அவருக்கே பயமாக இருந்தது.

வாரக்கடைசியில் தண்ணீர் மங்கத் தொடங்கியது. றம்சீன் சொன்னபடி காற்பங்கை வெளியே எடுக்க விமலேஸ்வரி ரியூப்பை எடுத்தார். படலையடிப் பலகைக்குக் காவலாகப் போடப்பட்டிருந்தவன் ஓடிவந்து ரியூப்பைப் பிடித்தான். சற்று நேரத்தில் சுமித்திரா வந்தாள்.

"குளத்துத் தண்ணியை நினைச்ச நேரம் திறக்கேலாது ஐயா. உங்களுக்குத் தெரியாததே? பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடித் திகதி தீர்மானிக்கவேணும்."

சிற்றம்பலம் தலையாட்டினார். சொல்லிவைக்கப் போனதற்கு அடுத்து அவர் செய்த இரண்டாவது பிழை அது. ஒவ்வொரு போகத்துக்கும் முன்னால் அப்படியொரு கூட்டம் நடக்கும். இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது, எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எப்போது திறப்பது, எப்போது பூட்டுவது என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகும். அந்தக் கூட்டங்களில் கடைசி வயல்களுக்காக எழுந்து நின்று தொண்டை கிழியக் கத்தியவர்களில் அவரும் ஒருவர். திகதிக்கு முன்னால் திருட்டுத்தனமாக மடை திறந்தவனைப் பிடித்தும் கொடுத்திருக்கிறார். குளம் என்று ஒப்புக்கொண்டபிறகு கூட்டம் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

கூட்டம் அவருடைய ஹோலிலேயே நடந்தது. வாடகைக் கதிரைகள் வந்தன, ஒலிவாங்கி வந்தது. பணிப்பாளர் தொட்டிக்கு முதுகு காட்டி அமர்ந்தார். ஊரார் நிறையப்பேர் வந்திருந்தார்கள். மீன்தொட்டிக்குக் கூட்டமா என்று சிரித்தவர்கள்கூட வந்தார்கள். பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்குப் போகாதவனுக்குத் தண்ணீர் கிடைக்காது என்பது அவர்களுடைய இரத்தத்தில் ஊறியது. எந்தத் தண்ணீர் என்று கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை.

"காவாசித் தண்ணி திறக்கிறதெண்டால் அது எந்தப் பக்கத்தால போகும்?" என்று ஒருவர் கேட்டார். "என்ர மிளகாய்ப் பாத்தி கிழக்கால கிடக்கு."

"மேட்டுப் பக்கத்துக்கு எந்த நாளும் ஒண்டும் வாறேல்லை. இந்தமுறையாவது பாருங்கோ."

"வீட்டுக்காரருக்கு எவ்வளவு பங்கு? அதை முதல் சொல்லுங்கோ. பேந்து அவர் முழுக்கத் தன்ர தென்னைக்கு விட்டுடுவார்."

"ஏன்ரா, என்ர வீட்டுக்குள்ள வந்திருந்து என்ர தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு..." என்று சிற்றம்பலம் எழுந்தார்.

"தலைவரூடாகக் கதையுங்கோ," என்றார் பணிப்பாளர்.

சுடலைமுத்து மட்டும் கையை உயர்த்தினார். "ஐயா, அந்த மீனு ரெண்டும் ஒரு மாதிரியா இருக்குங்க. தண்ணி மாத்தாட்டி செத்துப்போகும் போல. மொதல்ல அத முடிவு பண்ணுவோமுங்களா?"

பணிப்பாளர் திரும்பித் தொட்டியைப் பார்த்தார். மீன்கள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. அவர் நெகிழ்ந்துபோனார். ஒலிவாங்கியை அருகில் இழுத்தார்.

"பாருங்கோ. மீன்கள்கூட இந்தக் கூட்டத்தில வாய் திறந்து தங்கட ஆதரவைத் தெரிவிக்குதுகள். ஒரு நிறுவனத்துக்கு இதைவிட என்ன வேணும்? மனிசர் எங்களை எதிர்க்கலாம். அவைக்கு வேற இடம் இருக்கு, போகலாம். மீனுக்கு வேற இடம் இல்லை. எங்கட கையில இருக்கிறதுகள்தான் எங்களை முழுசா நம்புதுகள். அதனாலதான் எல்லாத்தையும் எங்கட கையில எடுக்கவேணும் எண்டு நான் சொல்லுறன்."

கைதட்டினார்கள். மழை பெய்து நீர்மட்டம் உயரும்வரை திறப்பதில்லை என்று தீர்மானமாயிற்று. ஹோலுக்குள் மழை எப்படிப் பெய்யும் என்று ஒருவரும் கேட்கவில்லை. சிற்றம்பலம் கேட்க நினைத்தார். கேட்டால் கூரையைக் கழற்றுவார்கள் என்று தோன்றியது.

ஒரு மீன் செத்தது. காலையில் அது பக்கவாட்டில் மிதப்பதைக் கண்ட விமலேஸ்வரி, சத்தமில்லாமல் தேத்தண்ணி வடியால் கோலி எடுத்து, மாதுளைக்கடியில் குழிதோண்டித் தாட்டுவிட்டுத் தொட்டியின் முன்னால் வந்து உட்கார்ந்தார். மற்றது அடியில் மூலையோடு ஒதுங்கி நின்றது. காவற்காரன் தகவல் அனுப்பியிருந்தான். சுமித்திரா வந்து செருப்பைக் கழற்றினாள்.

"என்னத்தால அம்மா எடுத்தனீங்கள்?"

"வடியால."

"காட்டுங்கோ."

அவள் வடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கண் சரியான சின்னன். இவ்வளவு சின்னக் கண் வலை நீர்த்தேக்கத்தில பாவிக்கிறது தடை அம்மா. குஞ்சு குருமன் எல்லாம் வந்திடும்."

"செத்த மீனைத்தான் பிள்ளை எடுத்தனான்."

"செத்ததோ உயிரோட இருந்ததோ எண்டு வலைக்குத் தெரியாது." வடியைப் பையில் போட்டாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். அதில் உண்மையான கவலை இருந்தது. "ஐயாவும் நீங்களும் இந்த மாத முடிவுக்குள்ள அலைகரையை விட்டு எழும்பினால் நல்லது. பணிப்பாளர் நல்லவர். சாமான் ஏத்த ஜீப்பைத் தாறன் எண்டவர்."

அன்று விமலேஸ்வரி தொட்டியடியை விட்டு எழும்பவில்லை. கிளினிக்குக்குப் போகவும் மறுத்துவிட்டார். பொழுதுபடக் காவற்காரன் சாப்பிடப் போயிருந்த நேரம் கணவரின் முன்னால் வந்து நின்றார்.

"இஞ்சருங்கோ. உந்தத் தொட்டியை ஊத்திக் கவிட்டுக் குடுத்திட்டு வாங்கோ. எனக்கு அமைதியும் வேண்டாம், ஒரு இழவும் வேண்டாம். வீடு காணும்."

"மற்ற மீன்?"

"அதை நான் வைச்சிருக்கிறன்."

"எங்க?"

"சொல்லமாட்டன். சொன்னால் போய்ச் சொல்லிவைச்சிட்டு வருவியள்."

சுடலைமுத்து ஒருபக்கம் பிடிக்க, இருவருமாகத் தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றித் தொட்டியை லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார்கள். கிளிநொச்சியில் றம்சீனின் கடைக்குள் எல்லாத் தொட்டிகளும் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. முன்னால் பறவைக் கூண்டுகள் தொங்கின.

"என்ன றம்சீன், மீன் யாவாரம் விட்டாச்சோ?"

"உங்கட கதை இஞ்சயும் வந்திட்டுது அண்ணை. கூண்டுக்கு இன்னும் அதிகாரசபை வரேல்லை. வருமட்டும் இதை விப்பம்."

"இதைத் திருப்பி எடுப்பியா? காசு வேண்டாம்."

"வையுங்கோ. ஆனா அண்ணை, தொட்டி போனால் பிரச்சினை போயிடும் எண்டு நினைக்கிறியளோ?" றம்சீன் ஒரு கூண்டின் கதவைத் திறந்து மூடிப்பார்த்தான். "எங்கட வாப்பா ஊருக்குத் திரும்பிப் போனவர். அவர் நட்ட மாமரங்கள் கிடக்கு. நல்ல உயரம். மரம் நிக்கிறபடியால் அது காடாம். வெட்டியிருந்தால் காணி வெறுங்காணி, உரிமைக்காரர் இல்லாத காணி எண்டிருப்பினம். நிண்டாலும் அவைக்கு, விழுந்தாலும் அவைக்கு. வாப்பா இப்பவும் ஒவ்வொரு வெள்ளியும் தொழுகை முடிஞ்சு வேலிக்கு வெளியில நிண்டு மாங்காய் எண்ணிப்போட்டு வாறவர்."

சிற்றம்பலம் வீடு திரும்பும் வழியில் அதைப்பற்றி யோசித்தார். ஆனால் பழக்கம் பழக்கம்தான். தொட்டி இல்லை என்பதைச் சொல்லிவைக்காவிட்டால், இருப்பதாகவே அவர்கள் வைத்திருப்பார்கள் என்று பட்டது. மறுநாள் காலை அதிகாரசபைக்குப் போனார். கீதம் முடியும்வரை வெளியே நின்றுவிட்டு உள்ளே சென்று, குளம் இனி இல்லை என்று சொன்னார்.

பணிப்பாளர் கதிரையில் சாய்ந்தார். இழவு வீட்டில் இருப்பவர்போலக் கையை நெஞ்சில் வைத்தார். பிறகு மெல்ல மெல்ல அவருடைய முகம் தெளிந்தது.

"தூர்ந்துபோச்சு," என்றார்.

"தூரேல்லை சேர். தூக்கிக்கொண்டு போய்க் குடுத்திட்டன்."

"நீங்கள் தூக்கினது கட்டு மட்டும்தான். குளம் அந்த இடத்திலதான் கிடக்கு. தண்ணி வத்தினால் குளம் இல்லையெண்டு ஆகுமோ? வன்னியில எத்தினை குளம் அப்பிடிக் கிடக்கு? எல்லாத்தையும் திருத்தினம்தானே." அவர் எழுந்து வந்து சிற்றம்பலத்தின் கையைப் பிடித்தார். "உண்மையைச் சொல்லட்டே ஐயா? இருக்கிற குளத்தைப் பாக்க எங்களிட்ட ஒரு சதம் இல்லை. அதுதான் உங்களுக்கு ஒண்டும் செய்யேலாமல் போனது. இல்லாத குளத்தைத் திரும்ப உருவாக்க நிதி கிடக்கு, அள்ளி அள்ளிக் கிடக்கு. வருசம் முடியமுன்னம் முடிக்காட்டில் திரும்பிப் போயிடும். நீங்கள் செய்தது பெரிய உதவி."

"என்ன செய்யப்போறியள் சேர்?"

"தோண்டப்போறம்."

பெக்கோ இயந்திரம் வந்த காலையில் வெயில் சீக்கிரமே ஏறியது. முரசுமோட்டையிலிருந்து அது வந்த வீதி நெடுக, வீட்டு வாசல்களில் தண்ணீர்ப் பரல்கள் கவிழ்ந்து கிடந்தன. குடங்கள் கவிழ்ந்து கிடந்தன. மாட்டுத் தொட்டிகள் காய்ந்திருந்தன. கிணறுகளைச் சிலர் கிடுகு போட்டு மூடியிருந்தார்கள். இயந்திரத்தின் சத்தம் கேட்டதும், கோழிக்கு வைத்த சிரட்டைத் தண்ணீரையும் ஒரு கிழவர் எடுத்து ஊற்றியதை அதன் சாரதி கண்டான்.

படலையடியில் பந்தல் போடப்பட்டிருந்தது. குத்துவிளக்கு, மாலைகள், நாடா. 'சிற்றம்பலம் குளப் புனரமைப்பு' என்று பெரிய எழுத்தில் பதாகை. தன் பெயர் ஒரு குளத்துக்கு வைக்கப்படும் என்று அவர் எந்நாளும் நினைத்ததில்லை. கதிரைகளில் ஊரார் இருந்தார்கள். ஏன் வந்தார்கள் என்று கேட்டால் சொல்லத் தெரிந்திராது. வராதவர்களின் வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஜீப் போகக்கூடும் என்று மட்டும் யாரோ சொல்லியிருந்தார்கள். சுடலைமுத்து மாலையிலிருந்து உதிர்ந்த பூவொன்றை விரலால் உருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தபடி இருந்தார்.

அலுமாரி, கட்டில், கதிரைகள், நெல்லு மூட்டைகள் எல்லாம் சிவப்புக் கோட்டுக்கு வெளியே, அம்மியின் பக்கத்தில் குவித்து வைக்கப்பட்டிருந்தன. கிருசாந்தி வவுனியாவிலிருந்து தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருந்தாள். ஒருவரும் எடுக்கவில்லை.

"இது ஒருவர் வீட்டை இழக்கிற நாள் இல்லை," என்று பணிப்பாளர் ஒலிவாங்கியில் தொடங்கினார். "வீட்டை இழக்கிறது இந்த மண்ணில பழைய விசயம். அதுக்கு ஒருத்தரும் பந்தல் போட்டதில்லை, மாலை போட்டதில்லை. முதல்தரமாக மரியாதையோட நடக்குது. அதுதான் வளர்ச்சி." அவர் நிறுத்தினார், கைதட்டலுக்காக. கைதட்டல் வந்தது. "முதல் வெட்டைப் பயனாளி வெட்டுறதுதான் எங்கட முறை. சிற்றம்பலம் ஐயாவை அன்போட அழைக்கிறன்."

சிற்றம்பலத்தின் கழுத்தில் மாலை விழுந்தது. சிவப்பு நாடா கட்டிய மண்வெட்டியைக் கையில் கொடுத்தார்கள். அவர் தன்னுடைய ஹோலின் நடுவே, தொட்டி நின்ற இடத்தில் போய் நின்றார். அவரே குழைத்துப் பூசிய சீமெந்துத் தரை. யன்னலுக்கு வெளியே பெக்கோ சாரதி எட்டிப் பார்த்தான்.

"சேர், வாசல் ஒடுக்கம். எந்தச் சுவரால உள்ள வாறது?"

"பொறு, ஐயா முதல் வெட்டட்டும்," என்றார் பணிப்பாளர்.

சிற்றம்பலம் மண்வெட்டியை உயர்த்தவில்லை. மனைவியைத் தேடினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பார்த்த திசையில் சுமித்திராவும் பார்த்தாள்.

விமலேஸ்வரி கோட்டுக்கு வெளியே, குவிந்த சாமான்களின் நடுவே நின்றார். கையில் ஒரு பிளாஸ்ரிக் வாளி. அதன் வாயைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தார். சுமித்திரா மெதுவாக அந்தப் பக்கம் நடந்தாள். வெறுந்தரையிலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்தாள்.

"அம்மா, வாளிக்குள்ள தண்ணியோ?"

அந்த வீட்டில் அலுவலகத்துக்கு ஒருபோதும் ஒன்றும் மறைக்கப்பட்டதில்லை. விமலேஸ்வரி பிள்ளையின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இல்லைப் பிள்ளை. வெறும் வாளி."

சுமித்திரா தலையாட்டினாள். திரும்பி இரண்டடி போனாள். நின்றாள்.

"அப்ப ஏனம்மா அதை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்?"